களியக்காவிளை வாடகைப் புத்தகக் கடையில் எடுத்த பிலிப்பைன்ஸ் கட்டு: 5க்கு 4

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. களியக்காவிளை சந்தையிலிருந்து எல்லைப் பக்கமாக நடந்தால் வருகிற ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி, அவ்வளவுதான் அடையாளம். நடத்துகிற மாமா தனிப் புத்தகமாக எதையும் தரமாட்டார். விஷயத்தைச் சொன்னால் போதும், அதைப் பற்றித் தன்னிடம் இருக்கிற பழைய புத்தகம், மலையாள வார இதழிலிருந்து கிழித்த பக்கம், ஜெராக்ஸ், கைப்பட எழுதிய தமிழ்க் குறிப்பு என்று எல்லாவற்றையும் சணலால் கட்டிக் கையில் கொடுத்துவிடுவார். மாதம் 250 ரூபாய், முன்பணம் 500.

நான் கேட்டது பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கச் சாமியார்களைப் பற்றி. காரணம் எங்கள் கப்பல் போசன் (தளத்து மாலுமிகளுக்கு மேஸ்திரி), பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பக்கத்துக்காரர். கழுத்தில் சிலுவை, அறையில் மாதா படம், ஆனால் கொச்சியில் இறங்கியபோது மாதா கோயிலுக்குப் பூசைக்குக் கூப்பிட்டால் "நான் கத்தோலிக்கன் இல்லை, அக்லிபாயன்" என்றார். அது என்ன சாதி என்று கேட்கிற மாதிரி விழித்துக்கொண்டு நின்றேன். விடுமுறைக்கு வந்தும் அது மண்டையிலிருந்து போகவில்லை, மாமாவிடம் போய்க் கேட்டேன். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். கட்டு இரண்டு கிலோவாவது இருக்கும்.

முதல் அம்பது பக்கம் ஆமை வேகம். ஆனால் அதைத் தாண்டிவிடாதீர்கள், சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1565ல் ஸ்பெயின்காரர்கள் வந்து உட்கார்ந்தபோது எந்தத் துறவற சபையிலும் சேராமல் ஆயருக்குக் கீழே இருக்கிற மறைமாவட்டக் குருக்கள் போதாமல் அகஸ்தீனியர், பிரான்சிஸ்கன், டொமினிக்கன் என்று துறவற சபைக்காரர்கள் பங்குகளை (ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த ஊர் மக்களும்) எடுத்தார்கள், எடுத்தவர்கள் விடவில்லை. 1768ல் இயேசு சபையை ஸ்பெயின் அரசன் துரத்தியபோது அவர்கள் இடங்கள் சிலவற்றில் உள்ளூர்க் குருக்கள் உட்கார்ந்தார்கள். 1859ல் இயேசு சபை திரும்பி வந்து தெற்கே இருக்கிற மிண்டனாவோ தீவை வாங்கிக்கொள்ள, அங்கே இருந்த ரெக்கலெக்ட் சபைக்கு ஈடாக மணிலா, கவிதே பக்கத்தில் உள்ளூர்க் குருக்கள் கையிலிருந்த பங்குகளைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். நம்ம பக்கம் ஒரு சாமியாரை மாற்றினாலே ஊர் இரண்டாகிவிடும், அங்கே ஒரு கூட்டத்தையே வரிசையாக இறக்கிவிட்டால் என்ன ஆகும்? தேசம், விடுதலை என்ற பேச்செல்லாம் வருவதற்கு முன்னால் "இந்தப் பங்கு யாருக்கு" என்ற கேள்விதான் வந்திருக்கிறது. வெள்ளைத் தோல் இல்லாத குருவுக்குத் திறமை கிடையாது என்று சபைக்காரர்கள் சொல்ல, இல்லை என்று ஹோசே புர்கோஸ் என்ற உள்ளூர்க் குரு எழுத ஆரம்பிக்கிறார்.

1872 பகுதிக்கே 250 ரூபாய் சரியாகிவிட்டது. கவிதே ஆயுதக் கிடங்கில் வேலை செய்தவர்களுக்குத் தலைவரியிலும் கட்டாய வேலையிலும் இருந்த சலுகையைப் புதுக் கவர்னர் எடுத்துவிடுகிறார், ஜனவரி 20 அன்று கலகம், இரண்டே நாளில் அடக்கியாகிவிட்டது. ஆனால் பழி போனது மூன்று குருக்கள் மேல். புர்கோசுக்கு 35 வயது. பாக்கோர் பங்கின் மரியானோ கோமெஸ் 70 தாண்டிய கிழவர். ஹசிந்தோ சமோரா சீட்டாட்டப் பிரியர், "மருந்தும் குண்டும் கொண்டு வா" என்று ஆட்டத்துக்கு வந்த அழைப்புச் சீட்டைத்தான் சாட்சியாகப் பிடித்தார்கள் என்று ஒரு கதை, மருந்து குண்டு என்றால் ஆடுவதற்கான காசாம். பிப்ரவரி 17 அன்று பகும்பயான் மைதானத்தில் மூன்று பேரையும் கொன்றார்கள். மாமாவின் குறிப்பு "தூக்கு" என்கிறது, தப்பு. அதே கட்டில் இருக்கிற ஜெராக்ஸ் தெளிவாகச் சொல்கிறது, கரோட்டு: உட்கார வைத்து, கழுத்தில் இரும்புப் பட்டை மாட்டி, பின்னால் நின்று திருகுவது. அந்த மூவரின் குருப்பட்டத்தைப் பறிக்கச் சொல்லி அரசு கேட்டபோது ஸ்பெயின்காரரான பேராயரே மறுத்துவிட்டு, சாவு மணி அடிக்கச் சொன்னாராம். அந்த இடத்தில் கட்டை மூடிவைத்துவிட்டுக் கட்டன் சாயா குடிக்கப் போனேன்.

அப்புறம் எல்லாம் வேகமாகப் போகிறது. பிலிப்பைன்ஸின் தேசிய வீரராகக் கொண்டாடப்படுகிற எழுத்தாளர் ஹோசே ரிசாலுக்கு அப்போது 10 வயது, அவருடைய அண்ணன் பசியானோ புர்கோஸ் வீட்டில் தங்கிப் படித்தவர். 1891ல் ரிசால் தன் இரண்டாவது நாவலை அந்த மூவருக்கும் காணிக்கையாக்குகிறார். 1896ல் அவரையும் அதே பகும்பயானில்தான் சுட்டார்கள். மூவர் பெயரையும் ஒட்டிச் செய்த "கோம்புர்சா" ஸ்பெயினை எதிர்த்த கத்திபுனான் ரகசிய இயக்கத்தில் அடையாளச் சொல்லாகவே ஓடியிருக்கிறது. ஆனால் அதே 1896 ஆகஸ்டில் கத்திபுனானைக் கண்டுபிடித்துக் காட்டிக் கொடுத்தவர் தோண்டோ பங்கின் ஸ்பானியச் சாமியார். அங்கியை மட்டும் பார்த்து யார் எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாது, ரிசால் குடும்பம் குத்தகைக்கு உழுத கலம்பா நிலமே டொமினிக்கன் சபையுடையதுதான்.

என் போசன் விவகாரம் கடைசிக் கால் பங்கில் வருகிறது. கிரிகோரியோ அக்லிபாய், இலோகோஸ்காரக் குரு. 1898ல் புரட்சித் தலைவர் அகினால்டோ இவரைப் படையின் தலைமைக் குருவாக்குகிறார், 1899ல் மணிலா பேராயர் இவரைச் சபையிலிருந்து விலக்குகிறார், ஸ்பெயினிடமிருந்து நாட்டை வாங்கிக்கொண்ட அமெரிக்கர்களோடு சண்டை வந்ததும் இவர் காட்டுக்குள் போய்க் கொரில்லாப் படை நடத்துகிறார். 1902 ஆகஸ்டில் இசபெலோ டெ லோஸ் ரெயஸ் என்ற தொழிற்சங்கத் தலைவர் ரோமோடு ஒட்டில்லாத ஒரு பிலிப்பைன்ஸ் திருச்சபையை அறிவிக்க, அதற்குத் தலைமை ஆயர் அக்லிபாய். மாதா, பூசை எல்லாம் உண்டு, பாப்பரசர் மட்டும் இல்லை. கோயில் கட்டடங்களை மக்களே எடுத்துக்கொண்டார்கள், 1906ல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரோமுக்கே திருப்பித் தரச் சொல்லிவிட்டது. இந்தக் கோயில் வழக்கு மட்டும் நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்கமே இல்லாமல் புரியும்.

இதற்கு நடுவில் மாமா கூனன் குரிசு சத்தியத்தைப் பற்றி ஒரு மலையாளக் கட்டுரையைச் சொருகி வைத்திருக்கிறார். 1653ல் மட்டாஞ்சேரியில் நஸ்ராணிகள் (கேரளத்தின் பழைய சிரியன் கிறிஸ்தவர்கள்) போர்த்துக்கீசிய இயேசு சபைக்குக் கீழே இருக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தது. இது எதற்கு இங்கே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. அக்லிபாய் பகுதியைப் படித்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன், வெளிநாட்டுச் சாமியார்களுக்குக் கீழே இருக்க மாட்டோம் என்ற அதே சண்டைதான், மாமா சும்மா சொருகவில்லை.

குறைகள்: ஜெராக்சில் நாற்பது பக்கத்துக்கு இடது ஓரம் வெட்டுப்பட்டு, வரிக்கு இரண்டு எழுத்து நாமாக ஊகிக்க வேண்டும். மலையாளம் வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கால் வாசி வீண். கட்டு 1906ல் பட்டென்று நின்றுவிடுகிறது. 1986ல் மணிலா பேராயர் கர்தினால் சின் வானொலியில் மக்களைத் தெருவுக்கு அழைத்து அதிபர் மார்க்கோஸ் நாட்டை விட்டு ஓடினாரே, அது எங்கே என்று கேட்டால் "அது வேறே கட்டு மக்கா, அதுக்கு வேறே இருநூத்தம்பது" என்கிறார். திருப்பிக் கொடுத்தபோது டீக்கறைக்கு 50 ரூபாய் பிடித்துக்கொண்டார். அந்தக் கறை எனக்கு முன்னாலேயே இருந்தது, வாங்கும்போதே பக்கங்களைப் புரட்டிப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து அவர் வந்த பிறகுதான் கடை திறக்கும். புதன் லீவு.