வாட்ஸ்அப் பிசினஸ்: சிறு கடைக்கு எவ்வளவு தாங்கும்?

சிறு வியாபாரிகளுக்கென 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். வாடிக்கையாளர் புதிதாக எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். ஒரே எண்ணைச் சாதா வாட்ஸ்அப்பிலும் இதிலும் சேர்த்து ஓட்ட முடியாது. கடைக்குத் தனி எண் வைப்பதே நல்லது.

அதிகம் கைகொடுப்பது 'விரைவு பதில்'. விலை, டெலிவரி நேரம், வங்கி விவரம் என்று தினமும் தட்டுவதை ஒருமுறை சேமித்து, சாய்கோடு (/) போட்டுக் குறுஞ்சொல்லை அடித்தால் முழுப் பதிலும் வந்து நிற்கும். 50 வரை வைக்கலாம், பத்தே போதும். கடைப் பொருள்களைப் படத்தோடு காட்டும் கேட்லாக்கில் 500 பொருள்கள் வரை ஏற்றலாம். ஆனால் தீர்ந்துபோனதை மறைக்காமல் விட்டால் "இருக்கா?" என்ற கேள்விதான் குவியும்.

பலர் ஏமாறுவது, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்டில். ஒரு பட்டியலுக்கு 256 பேர். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். மற்றவர்களுக்குப் போகாது, போகவில்லை என்று தனியாக அறிவிப்பும் வராது. ஒற்றை டிக்கிலேயே நின்றால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். பில்லோடு "எண்ணைச் சேமியுங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பது எளிய மருந்து.

வெளியே இருக்கும்போது போகும் தானியங்கிப் பதிலுக்கும் போனில் இணையம் ஓட வேண்டும். போனை அணைத்துவிட்டால் அதுவும் மௌனம். வரவேற்புச் செய்தி முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் திரும்பி வருபவருக்கும் மட்டும் போகும். உரையாடல்களை வகை பிரிக்க ஒட்டும் லேபிள்கள் பரவாயில்லை. சரக்குக் கணக்கு மட்டும் இதில் கிடையாது, அதற்கு நோட்டுப் புத்தகமே கதி.