திரையோரத்தில் கணினியின் நாடித்துடிப்பு: காங்கி, இயூ, ஜென்மான், ஆர்கோஸ்

ஒருநாள் காலை என் டெஸ்க்டாப்பின் வலது ஓரக் கடிகாரம் 10:42-லேயே நின்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. இன்னும் நேரமிருக்கிறது என்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 11 மணிக் கூட்டம் நானில்லாமலே தொடங்கிவிட்டது. தப்பு கடிகாரத்தின் மேல் இல்லை. கடிகாரத்தைக் காட்டுவது காங்கி, கணினியின் நிலையைத் திரையோரத்தில் காட்டும் லினக்ஸ் கருவி. அதே சாளரத்தின் அடியில் வெளி ஐபி முகவரியைக் காட்ட நானே எழுதி வைத்த இரண்டு வரி ஸ்கிரிப்ட்தான் காரணம். இணைப்பு கிடைத்து, தரவு வராமல் பாதியில் தொங்கியிருக்கிறது. நேர வரம்பு சொல்லாவிட்டால் கர்ல் (ஸ்கிரிப்ட் இணையத்திலிருந்து தரவு எடுக்கும் கட்டளை) எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். கர்லுக்காகக் காங்கி காத்திருந்தது. காங்கியை நம்பி நான்.

லினக்ஸில் இந்த மாதிரிக் கருவிகளைப் பலரும் ஸ்கிரீன்ஷாட் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது வேறு: ஸ்கிரிப்ட் எப்போது ஓட வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள், அது தாமதமானால் யார் தலையில் விழுகிறது? அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காங்கி

டார்ஸ்மோ என்ற பழைய நிரலிலிருந்து கிளைத்தது காங்கி. சிபியு, ரேம், டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் அதற்குள்ளேயே மாறிகள் இருக்கின்றன. அவற்றுக்காக ஸ்கிரிப்ட் எழுதுவது வீண் வேலை. ஆனாலும் இணையத்தில் கிடைக்கும் அமைப்புக் கோப்புகளில் பாதி இதைத்தான் செய்கின்றன: கேட், கிரெப், ஆக் என்ற மூன்று கட்டளைகளையும் பைப்பால் (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் இணைப்பு) கோத்து, 'எக்ஸெக்' மாறிக்குள் வைத்து, நொடிக்கொரு முறை ஓட்டுகின்றன. கட்டளைகளை ஓட்டும் ஷெல்லையும் சேர்த்தால் ஒரு வரிக்கு நான்கு ப்ராசஸ் (ஓடும் நிரல்). அப்படி ஐந்து வரி இருந்தால் நொடிக்கு 20, மணிக்கு 72,000. சிபியு எவ்வளவு சும்மா இருக்கிறது என்று பார்க்கப் போய், அதைச் சும்மா இருக்க விடாமல் செய்கிறோம்.

காங்கியில் கடிகாரம் காங்கியின் கையில். குறித்த இடைவெளியில் அது எழுந்து எல்லா மாறிகளையும் புதுப்பித்து, திரையை வரைந்து, மறுபடி தூங்கும். 'எக்ஸெக்' ஒவ்வொரு சுற்றிலும் ஓடும். 'எக்ஸெகி'க்குத் தனி இடைவெளி தரலாம். ஆனால் அது முடியும்வரை மொத்தச் சாளரமும் உறைந்து நிற்கும். முன்னால் ஒரு 'டி' சேர்த்து 'டெக்ஸெகி' என்று எழுதினால் ஸ்கிரிப்ட் தனி இழையில் ஓடும், மற்றவை தொடரும். என் கூட்டத்தைக் காப்பாற்றியிருக்கக் கூடியது அந்த ஓர் எழுத்து. நெட்வொர்க்கைத் தொடும் எதையும் இனி 'டெக்ஸெகி' இல்லாமல் எழுதுவதில்லை. கர்லுக்கு 5 நொடி வரம்பும் தனியாக வைத்துவிடுகிறேன்.

காங்கியின் உண்மையான பலம் லுவா என்ற நிரல்மொழி. 1.10 பதிப்பிலிருந்து அமைப்புக் கோப்பே லுவா வடிவத்துக்கு மாறிவிட்டது. (பழைய வடிவக் கோப்பை எங்கிருந்தோ நகலெடுத்துவிட்டு "ஓடவில்லை" என்று தவிப்பவர்களுக்கு: மாற்றித்தர ஒரு சிறு லுவா நிரல் காங்கியின் மூலத்தோடே வருகிறது.) அமைப்பைவிட முக்கியமானது, லுவா செயல்கூறுகள் காங்கியின் ப்ராசஸுக்குள்ளேயே ஓடுகின்றன என்பது. ஒரு கோப்பைத் திறந்து எண்ணைப் படிக்கப் புது ப்ராசஸ் எதுவும் பிறக்க வேண்டியதில்லை. செயல்கூற்றின் பெயர் 'காங்கி' என்று தொடங்கி அடிக்கோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கெய்ரோ என்ற வரைகலை நூலகத்தைச் சேர்த்துக்கொண்டால் வட்டமும் வில்லுமாக என்ன வேண்டுமானாலும் வரையலாம்.

ஒரு குழியை மட்டும் காட்டிவிடுகிறேன். வெப்பநிலையைப் படிக்க, சென்சார் அளவுகள் இருக்கும் 'எச்டபிள்யூமான்' அடைவுக்குள் போவோம். அங்கே 45000 என்று இருந்தால் 45 டிகிரி செல்சியஸ். ஆயிரத்தால் வகுக்க வேண்டும். அது சுலபம். சிக்கல் அடைவின் எண்ணில் இருக்கிறது. இன்று 'எச்டபிள்யூமான்2' என்றிருப்பது ரீபூட் ஆனதும் 3 ஆகிவிடலாம். டிரைவர்கள் ஏறும் வரிசையைப் பொறுத்தது. திடீரென்று சிபியு 31 டிகிரியில் குளுகுளுவென்று இருப்பதாகக் காட்டினால் மகிழ வேண்டாம், எஸ்எஸ்டியின் வெப்பத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு அடைவிலும் 'நேம்' என்ற கோப்பு இருக்கும். இன்டெல் என்றால் 'கோர்டெம்ப்', ஏஎம்டி என்றால் 'கே10டெம்ப்' என்று எழுதியிருப்பதைத் தேடிப் பிடித்து, அந்த அடைவைப் படிப்பதே சரி. இது எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும்.

நமக்கே உரிய ஒரு குறையும் உண்டு. காங்கியில் தமிழ் ஒழுங்காக வராது. எக்ஸ்11-இல் (லினக்ஸின் பழைய திரை அமைப்பு) அது எழுத்துகளை எக்ஸ்எஃப்டி என்ற நூலகம் வழியாக வரைகிறது; அதற்கு எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாது. 'வெப்பம்' என்று எழுதினால் கொம்பு வகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். தமிழில் லேபிள் வைக்க ஆசைப்படுபவர்கள் இங்கேயே இறங்கிவிடலாம்.

இயூ

மூன்று ஆங்கில எழுத்தில் எழுதி, முகம் சுளிப்பது போல உச்சரிக்கும் இந்தக் கருவி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது, ஜிடிகே3 என்ற சாளர நூலகத்தின் மேல் நிற்கிறது. எழுத்து பாங்கோ என்ற எழுத்து வடிவமைப்பு நூலகம் வழியாக வருவதால் கொம்பும் காலும் அததன் இடத்தில் இருக்கும். தோற்றத்தை எஸ்சிஎஸ்எஸ்ஸிலும் (இணையப் பக்கங்களை அலங்கரிக்கும் சிஎஸ்எஸ்ஸின் ஒரு வகை) அமைப்பை 'யக்' என்ற மொழியிலும் எழுத வேண்டும். அடைப்புக்குறிகள் நிறைந்த லிஸ்ப் மொழியின் வாசனை அடிக்கும். முதல் நாள் அடைப்புக்குறிகளை எண்ணியே பொழுது போய்விடும்.

இயூவில் மாறிகள் இரண்டு வழியில் ஸ்கிரிப்டோடு பேசும். 'டெஃப்போல்' காங்கி மாதிரி: இத்தனை நொடிக்கொரு முறை கூப்பிடு. 'டெஃப்லிசன்' நேரெதிர்: ஸ்கிரிப்ட் ஒரே ஒரு முறை தொடங்கி, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அது ஒரு வரி அச்சிடும் போதெல்லாம் திரை மாறும். கடிகாரம் இப்போது ஸ்கிரிப்டின் கைக்கு வந்துவிடுகிறது. ஒலியளவு மாறியதா என்று நொடிக்கொரு முறை கேட்பதற்குப் பதில், மாறும் போது மட்டும் 'பேக்டில் சப்ஸ்கிரைப்' கட்டளை சொல்லிவிடும். யாரும் பட்டனைத் தொடாத ஒரு மணி நேரத்தில் செலவும் கிட்டத்தட்ட பூஜ்யம்.

சிபியு கணக்குக்கும் இதுதான் இயல்பான வழி. 'ப்ராக்' அடைவின் 'ஸ்டாட்' கோப்பில் முதல் வரியில் இருப்பவை கணினி தொடங்கியதிலிருந்து சேர்ந்துவந்த மொத்தங்கள், இந்த நொடியின் சதவீதம் அல்ல. இரண்டு முறை படித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் வேலையில்லா நேரம் போக மீதி எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்கிரிப்டுக்குப் பழைய எண் நினைவில் இருக்கும். (இயூவிலேயே சிபியு மாறி தயாராக இருக்கிறது என்பது வேறு விஷயம்.)

'டெஃப்லிசன்' எழுதும் எல்லோரும் ஒரு முறையாவது முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று இருக்கிறது. டெர்மினலில் ஓட்டினால் வரிவரியாக வரும் ஸ்கிரிப்ட், இயூவுக்குள் போனதும் மௌனமாகிவிடும். பிழைச்செய்தியும் இருக்காது. வெளியீடு டெர்மினலுக்குப் போகாமல் பைப்புக்குப் போகும்போது, நிரல்கள் அதைத் தேக்கி வைத்து மொத்தமாகத்தான் அனுப்பும். பைதானில் பிரிண்ட்டுக்குள் 'ஃப்ளஷ்' சேர்க்க வேண்டும். கிரெப் என்றால் 'லைன் பஃபர்ட்' தெரிவு. மற்றவற்றுக்கு முன்னால் 'எஸ்டிடிபஃப்' போட்டுப் பார்க்கலாம். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலை ஆனது.

பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) இயூ தொகுப்பாகக் கிடைக்காது. ரஸ்ட் கருவிகளை நிறுவி நாமே கம்பைல் செய்ய வேண்டியிருக்கும். ஒரு வரி வெப்பநிலைக்காக அவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன்.

பேனலிலேயே முடித்துக்கொள்ள

எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் அதன் பேனல் செருகியான ஜென்மானைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். பேனலில் சேர்த்து, ஸ்கிரிப்டின் பாதையையும் இடைவெளியையும் கொடுத்தால் வேலை முடிந்தது. ஸ்கிரிப்ட் 'டிஎக்ஸ்டி' குறிச்சொல்லுக்குள் எழுதுவது பேனலில் தெரியும், 'டூல்' குறிச்சொல்லுக்குள் எழுதுவது மவுஸை மேலே வைத்தால் வரும். ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் புதிதாகப் பிறந்து சாவதால் பழைய எண் நினைவிருக்காது. சிபியு சதவீதம் வேண்டுமென்றால் ஒரு நொடி தூங்கி எழுந்து மறுபடி படிக்க வேண்டும், இல்லையேல் முந்தைய எண்ணை ஒரு தற்காலிகக் கோப்பில் போட்டு வைக்க வேண்டும். கோப்பு வழியே மேல். அதை ரேமிலேயே இருக்கும் 'ரன்' அடைவுக்குள் நமக்கென்று உள்ள பயனர் அடைவில் வைத்தால் எஸ்எஸ்டிக்கும் தொல்லை இல்லை.

குனோம் டெஸ்க்டாப்பில் ஆர்கோஸ் என்ற நீட்சி இருந்தது. 'இருந்தது' என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். யோசனை அற்புதமானது: இடைவெளியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடலாம். பெயருக்கும் பின்னொட்டுக்கும் நடுவில் '5எஸ்' என்று இருந்தால் 5 நொடிக்கொரு முறை ஓடும். மூன்று சிறு கோடுகளை அச்சிட்டால் அதற்குக் கீழே வருவதெல்லாம் கீழ்விரியும் மெனு. மேக் கணினியில் இதே வேலையைச் செய்யும் பிட்பாருக்கு எழுதிய ஸ்கிரிப்டுகளும் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஆனால் 2023-இல் வந்த குனோம் 45 நீட்சிகளின் எழுதும் முறையையே மாற்றியதில் பழைய நீட்சிகள் அத்தனையும் நின்றன. பிறர் கிளைத்தெடுத்த பதிப்புகளைத் தேடித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. ஸ்கிரிப்ட் நம் கையில் இருந்தாலும் தரை குனோமின் கையில்.

எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்ட் திரை அமைப்பில் ஸ்வே போன்ற சாளர மேலாளர்களைப் பயன்படுத்துபவர்களுக்கு வேபார் என்ற பட்டை போதும். ஜேசான் என்ற தரவு வடிவில் எழுத்தும் வகுப்புப் பெயரும் கொடுத்தால் வெப்பம் ஏறும்போது சிஎஸ்எஸ் மூலம் நிறம் மாறும். சிக்னல் அனுப்பினால் இடைவெளிக்குக் காத்திராமல் உடனே புதுப்பித்துக்கொள்ளும். புதிய காங்கிப் பதிப்புகளும் வேலண்டில் ஓடும், ஆனால் அவை நம்பியிருக்கும், சாளரத்தைத் திரையில் பொருத்தும் லேயர் ஷெல் நெறிமுறை குனோமில் இல்லை. கேடிஇ ப்ளாஸ்மா டெஸ்க்டாப்பின் சொந்த சிஸ்டம் மானிட்டர் விட்ஜெட்டுகளே பெரும்பாலானவர்களுக்குத் தாராளம்.

என் மேசையில் இப்போது எக்ஸ்11 ஓடும் கணினியில் காங்கி, ஏறக்குறைய எல்லாம் லுவாவில். வேலண்ட் மடிக்கணினியில் இயூ. இரண்டுக்கும் பொதுவாக ஓர் அடைவு. அதில் உள்ள ஒவ்வொரு ஸ்கிரிப்டும் ஒரே ஒரு வரியை அச்சிட்டு வெளியேறும். நிறம், குறிச்சொல், ஜேசான் எதையும் அதற்குள் நுழைய விடுவதில்லை, அவற்றை வெளியே ஒரு சின்ன உறை சேர்த்துக்கொள்ளும். வெளி ஐபி ஸ்கிரிப்டும் அங்கேதான் இருக்கிறது. அதன் வரிக்குப் பக்கத்தில் கடைசியாக எப்போது பதில் வந்தது என்ற நேரத்தையும் இப்போது காட்டச் சொல்லியிருக்கிறேன்.