கீழ் இமை உள்ளே மடங்கினால்: தையல் மட்டும் போதுமா, இமையை இறுக்கும் ஆபரேஷனா?

அம்மாவின் இடது கண்ணில் கீழ் இமை உள்பக்கமாக மடங்கத் தொடங்கியபோது டாக்டர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, இமையை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கும்படி சில தையல்கள் மட்டும் போடுவது, பத்துப் பதினைந்து நிமிட வேலை. இன்னொன்று, தளர்ந்துபோன இமையையே இறுக்கி, உள்ளே விடுபட்ட படலத்தையும் மறுபடி சேர்த்துத் தைப்பது, சற்றுப் பெரிய வேலை. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையே சொல்வேன். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன், அதோடு முதல் வழி யாருக்குப் பொருந்தும் என்பதையும், ஏனென்றால் சிலருக்கு உண்மையிலேயே அதுதான் நல்லது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த முடிவு பாதி எடுத்த மாதிரி. டாக்டர்கள் என்ட்ரோபியன் என்று சொல்லும் இந்தக் கோளாறு பெரும்பாலும் வயதானவர்களுக்கு, அதுவும் கீழ் இமையில் வருகிறது. கீழ் இமை, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு போல, மூக்குப் பக்கமும் காதுப் பக்கமும் தசைநாரால் எலும்போடு பிணைந்து நிற்கிறது. வயதாக ஆக அந்தக் கட்டு தளர்கிறது. அது ஒன்று. அடுத்து, இமையின் அடி ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்து வைத்திருக்கும் மெல்லிய படலம் நைந்தோ விடுபட்டோ போகிறது. மூன்றாவதாக, கண்ணை மூடுகிற வட்டத் தசையின் கீழ்ப் பகுதி மெல்ல மேலேறி இமை விளிம்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூன்றும் சேர்ந்தால் கண்ணை இறுக்கி மூடும்போதெல்லாம் விளிம்பு உள்ளே சுருளும், முடிகள் கருவிழியில் உரசும். உரசினால் எரிச்சல், எரிச்சலில் இன்னும் இறுக்கி மூடுவது, அதில் இன்னும் உள்ளே சுருள்வது என்று தானாகவே வளர்ந்துகொண்டு போகிற தொல்லை இது.

இதைப் பலர் கண் உலர்ச்சி, அலர்ஜி என்று நினைத்துச் சொட்டு மருந்திலேயே மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் இமை எப்போதும் மடங்கியே இருப்பதில்லை, வரும், போகும். டாக்டர் முன்னால் போய் உட்காரும் நேரத்தில் சமர்த்தாக நேராக நிற்கும். அம்மாவிடம் டாக்டர் "கண்ணை நல்லா இறுக்கி மூடுங்கம்மா, இப்ப திறங்க" என்றார். திறந்தபோது கீழ் இமையில் முடியே தெரியவில்லை, விளிம்பு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல் மட்டும் வழவழவென்று கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் கட்டைவிரலால் இமையைக் கீழே இழுத்தவுடன் முடிகளெல்லாம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வரிசையாக வெளியே வந்தன. அடுத்து மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது கருவிழியின் கீழ்ப்பாதியில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் மேல்தோல் உரிந்த இடம்.

இமை நேராக இருந்து முடி மட்டும் கோணலாக உள்ளே வளர்வது வேறு கோளாறு, அதற்கு வைத்தியமும் வேறு. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று சொல்லலாம், முடியைப் பிடுங்குவது தீர்வு அல்ல. சில வாரங்களில் திரும்ப முளைக்கும், முளைக்கிற குட்டை முடி நீள முடியைவிட விறைப்பாகக் குத்தும்.

தற்காலிக வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு மருந்து, ராத்திரிக்குக் களிம்பு, இமைக்குக் கீழே பேப்பர் டேப்பின் ஒரு முனையை ஒட்டி லேசாகக் கீழும் வெளியுமாக இழுத்துக் கன்னத்தில் ஒட்டுவது, இவையெல்லாம் ஆபரேஷன் தேதி வரும்வரை கருவிழியைக் காப்பாற்றத்தான். டேப் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் கண்ணீரிலும் வியர்வையிலும் கழன்று வரும், வயதானவர்களின் மெல்லிய தோல் சிவந்து உரியும். போடாக்ஸ் ஊசியும் உண்டு. மேலேறிய தசையைத் தளர்த்தி இமையை வெளியே விடும், சுமார் மூன்று மாதத்தில் அதன் வேகம் குறைந்துவிடும். ஆபரேஷன் தாங்காத நிலையில் இருப்பவர்களுக்கும், கண் எரிச்சலால் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டு திடீரென இமை மடங்கியவர்களுக்கும் அது கைகொடுக்கும். வீட்டில் நாங்கள் அதை முயலவில்லை, அதனால் அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

சரி, தையலுக்கு வருவோம். க்விக்கர்ட் என்ற மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் இந்த முறை 1971 முதல் பழக்கத்தில் இருக்கிறது. மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, கீழ் இமையின் உள்பக்கம் ஆழத்தில் நுழையும் ஊசியை மேல்நோக்கிச் சாய்வாகக் கொண்டுவந்து முடி வரிசைக்குச் சற்றுக் கீழே தோலில் வெளியே எடுத்து முடிச்சுப் போடுகிறார்கள். இப்படிப் பொதுவாக மூன்று தையல். முடிச்சு இறுகும்போதே விளிம்பு வெளியே திரும்புவது கண்கூடாகத் தெரியும். நூல் தானாகக் கரையும் வகை, அது கரைவதற்குள் ஊசி போன வழியில் உருவாகும் தழும்புதான் இமையைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ளவேண்டும். வெட்டுக் கிடையாது, ரத்தம் குறைவு, படுக்கையில் இருப்பவருக்குக் கட்டில் ஓரத்தில் வைத்தே கூடச் செய்துவிடலாம். கேட்பதற்கு இதைவிட நல்ல வழி இருக்கவா போகிறது என்றுதான் தோன்றும்.

இறுக்கும் ஆபரேஷன் 1979-ல் ஆண்டர்சனும் கோர்டியும் விவரித்த முறையை அடிப்படையாகக் கொண்டது. கண்ணின் வெளி ஓரத்தில் சிறிதாக வெட்டி, கீழ் இமையை அந்த முனையில் விடுவித்து, தளர்ந்திருக்கும் நீளத்துக்கு ஏற்ப இமையின் உள்ளே இருக்கும் கெட்டியான தகட்டிலிருந்து தோலையும் முடியையும் நீக்கிப் பட்டையாக்கி, அந்தப் பட்டையை எலும்பு விளிம்பின் உள்பக்கத்தில் இழுத்துத் தைக்கிறார்கள். கூடவே முடி வரிசைக்குக் கீழே வெட்டி, அந்தக் கீழே இழுக்கும் படலத்தை இமைத் தகட்டின் அடி ஓரத்தோடு மறுபடி இணைக்கிறார்கள், சில டாக்டர்கள் அதற்குப் பதில் மேலே சொன்ன மூன்று தையலையே போட்டுவிடுவார்கள். இதுவும் உள்ளூர் மயக்க ஊசியில்தான், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

இப்போது எங்களை முடிவெடுக்க வைத்த விஷயம். வலியோ, தழும்போ, எத்தனை நாள் ஓய்வு என்பதோ இல்லை. இமை திரும்ப மடங்குமா என்பது ஒன்றுதான்.

தையல் மட்டும் போட்டால் மூன்று காரணங்களில் இரண்டைத்தான் தொடுகிறோம். கீழே இழுக்கும் படலம் இறுகுகிறது, தழும்பு குறுக்கே நின்று தசை மேலேறுவதைத் தடுக்கிறது. ஆனால் இரண்டு முனையிலும் தளர்ந்த கட்டு அப்படியே இருக்கிறது. தழும்பு இளகும்போது தளர்ந்த இமை மறுபடி தன் பழைய வழிக்கே போகும். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் இதையே நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். ஒரு சாராருக்குத் தையல் மட்டும், மறுசாராருக்கு அதே தையலோடு இமை இறுக்கமும். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது தையல் மட்டும் போட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இமை திரும்ப மடங்கியிருந்தது, இறுக்கமும் சேர்த்துச் செய்தவர்களில் யாருக்கும் இல்லை. ஆய்வு சிறியது, அதனால் இறுக்கினால் ஒருபோதும் திரும்பாது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, திரும்புவதுண்டு. ஆனால் வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஐந்தில் நாலு பேருக்கு நன்றாகத்தானே இருக்கிறது, திரும்பி வந்தால் இன்னொரு முறை தைத்துக்கொள்ளலாமே என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி, தையலை மறுபடி போடவும் முடியும். ஆனால் இமை திரும்ப மடங்குவது ஒரு நாள் காலையில் எழுந்ததும் பளிச்சென்று தெரிவதில்லை. முதலில் எப்போதாவது, அப்புறம் தினமும், அப்புறம் நாள் முழுக்க. வயதானவர்கள் அதைச் சொல்லவே மாட்டார்கள், "பழைய உறுத்தல்தான்" என்று துடைத்துக்கொண்டு போவார்கள். கருவிழியின் உணர்ச்சி வயதோடு கொஞ்சம் மந்தமாகிறது, சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் மந்தமாகும், ஆகவே வலிக்கவில்லை என்பதை நம்பி இருக்க முடியாது. அந்த இடைவெளியில் உரிந்த இடத்தில் கிருமி புகுந்து புண்ணாகிவிட்டால், புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். அது பார்வையின் நடுவில் விழுந்தால் கண்ணாடி போட்டாலும் சரியாகாது. இமையை எத்தனை தடவை வேண்டுமானாலும் சரிசெய்யலாம், கருவிழிக்கு அந்தச் சலுகை கிடையாது. அடிக்கடி யாராவது பக்கத்திலிருந்து இமையைக் கவனித்துக்கொண்டே இருக்கமுடியாத வீட்டில், திரும்பும் வாய்ப்புக் குறைந்த வழியைத்தான் எடுக்கவேண்டும்.

அப்படியானால் எல்லோருக்கும் இறுக்கவேண்டுமா என்றால், இல்லை, இமை தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். இதற்கு டாக்டர் செய்யும் சோதனை மிக எளிது. கீழ் இமையை இரண்டு விரலால் பிடித்துக் கண்ணிலிருந்து முன்னால் இழுப்பார். 6 முதல் 8 மில்லிமீட்டருக்கு மேல் விலகி வந்தால் தளர்ச்சி அதிகம். அடுத்து, கீழே இழுத்துவிட்டு விடுவார். ஆரோக்கியமான இமை சட்டென்று கண்ணோடு போய் ஒட்டும். தளர்ந்த இமை மெதுவாக ஊர்ந்து போகும், அல்லது கண்ணைச் சிமிட்டினால்தான் இடத்துக்கு வரும். அம்மாவின் இமை சிமிட்டும்வரை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபின் எங்களுக்குப் பெரிய விவாதம் தேவைப்படவில்லை. இமை தளர்ந்தே இல்லை என்றால் இறுக்குவதில் அவ்வளவு லாபமில்லை, படலத்தைச் சரிசெய்தால் போதும் என்று டாக்டர் சொல்லக்கூடும், அதை ஏற்கலாம்.

தையல் மட்டும் போதும் என்று நானே சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். மிகவும் தள்ளாதவர்கள், படுக்கையோடு இருப்பவர்கள், நீண்ட நேரம் அசையாமல் படுக்கமுடியாதவர்கள், மறதி நோயால் ஆபரேஷன் அறையில் கலவரப்படக்கூடியவர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வெட்டில்லாத வழி வசதி. அந்த மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது, இருதய டாக்டரும் கண் டாக்டரும் பேசித்தான் முடிவெடுக்கவேண்டும். கருவிழியில் ஏற்கெனவே புண் இருந்து, பெரிய ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கத் தாமதமானால், இன்றைக்கே தையல் போட்டுக் கண்ணைக் காப்பாற்றிவிட்டுப் பிறகு இறுக்கிக்கொள்வதும் நல்ல யோசனைதான்.

இறுக்கும் ஆபரேஷனில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் வாரம் கண்ணைச் சுற்றி நன்றாக வீங்கிக் கன்றிப்போகும், பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். கண்ணின் வெளி மூலையில், எலும்போடு தைத்த இடத்தில், தொட்டால் வலிப்பது பல வாரம் இருந்தது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க அம்மா வெகுநாள் யோசித்தார். மூலையின் வடிவம் கொஞ்சம் மாறும், ஆரம்பத்தில் இழுத்துப் பிடித்த மாதிரித் தெரியும், போகப்போகப் பழகிவிடும். சிலருக்கு இமை அளவுக்கு மீறி வெளியே திரும்பிவிடுவது உண்டு, தையலிடத்தில் சதை வளர்வது, கிருமித்தொற்று இவையும் வரலாம். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது மிக அரிது, ஆனால் ஆபத்தானது. ஆபரேஷன் முடிந்த அன்று கண் விண்விண்ணென்று தாங்கமுடியாமல் வலித்துப் பார்வை மங்கினால் மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே ஓடவேண்டும். மற்றபடி முதல் இரண்டு நாள் குளிர் ஒத்தடம், தலையை உயர்த்திப் படுப்பது, ஆன்டிபயாடிக் களிம்பு, கண்ணைக் கசக்காமல் இருப்பது, அவ்வளவுதான். கசக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமானது.

இதுவரை சொன்னதெல்லாம் வயதால் வரும் மடங்கலுக்குத்தான். இமையின் உள்பக்கத்தில் தழும்பு விழுந்து அது சுருங்கி இழுப்பதால் மடங்குவதும் உண்டு. ட்ரக்கோமா என்ற கண் தொற்று, ரசாயனம் பட்ட காயம், மருந்து ஒவ்வாமையால் வரும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் போன்றவற்றால் வருவது அது, மேல் இமையிலும் வரும். அதற்கு இந்த இரண்டுமே சரியான விடையல்ல. தழும்புத் தகட்டையே வெட்டித் திருப்புவது, சில நேரம் உதட்டின் உள்தோலை எடுத்து ஒட்டுவது என்று அது வேறு வைத்தியம். குழந்தைகளுக்குக் கீழ் இமையில் தோல் மடிப்பு முடிகளைத் தள்ளுவது பெரும்பாலும் முகம் வளர வளரத் தானே சரியாகும், ஆனாலும் கருவிழியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கண்புரை ஆபரேஷனும் பாக்கி இருக்கிறது என்றால் பொதுவாக இமையை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் புரைக்குப் போவார்கள். முடியும் இமைத் தோலும் உரசிக்கொண்டே இருக்கும் கண்ணைத் திறந்து உள்ளே வேலை செய்தால் கிருமி உள்ளே போகும் பயம் அதிகம். முடிந்தால் இமை ஆபரேஷனுக்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற ஓக்குலோபிளாஸ்டி டாக்டரைப் பாருங்கள், "இமை எவ்வளவு தளர்ந்திருக்கிறது, நீங்கள் செய்யப்போவது அந்தத் தளர்ச்சியைத் தொடுமா?" என்று நேராகக் கேளுங்கள். எந்த வழியை எடுத்தாலும் சரி, தேதிக்குக் காத்திருக்கும் நாட்களில் கண் திடீரெனச் சிவந்து, வெளிச்சம் பார்க்கக் கூசி, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.