‘கூர்ஸ்க் 1943’ என்று எழுதிய பெட்டிக்குள் வேறொரு ஆண்டின் வண்டி

இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானிய ஸ்டூக் 3 ஜி தாக்குதல் பீரங்கி வண்டியின் சிறு மாதிரிக்கான ரெசின் மாற்றுத் தொகுப்பு (பிளாஸ்டிக் கிட்டின் உறுப்புகளுக்குப் பதிலாகப் பொருத்தும் வார்ப்பு உறுப்புகள்) ஒன்றை, “கூர்ஸ்க், ஜூலை 1943, மியாக் தொழிற்சாலை வண்டி, முழு வரலாற்றுத் துல்லியம்” என்ற விளம்பரத்தை நம்பி வாங்கி ஏமாந்தேன். கூர்ஸ்க் என்பது ஜெர்மானியப் படையும் சோவியத் படையும் மோதிய பெரும் டாங்கிப் போர் நடந்த ரஷ்ய நகர்ப்பகுதி. அதற்குக் கொடுத்த விலை, நான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த 1/35 அளவு பிளாஸ்டிக் கிட்டின் விலையைப் போல் ஒன்றரை மடங்கு. விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வாசகங்களுடன் வரும் பெட்டியைக் கண்டால் காசைக் கொடுக்கும் முன் ஒரு கணம் நிதானியுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் வந்தது பீரங்கியின் முன்கவசம். பன்றியின் மூக்கைப் போல உருண்டிருப்பதால் ‘ஸௌகோப்ஃப்’, அதாவது பன்றித்தலை, என்று அழைக்கப்படும் வார்ப்புக் கவசம் அது. அது 1943இன் இறுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஜூலை 5ஆம் தேதி கூர்ஸ்க் தாக்குதலைத் தொடங்கிய ஸ்டூக் வண்டிகளில் தட்டையான தகடுகளாலான பெட்டி வடிவக் கவசமே இருந்தது. அடுத்து, மேற்பகுதி முழுவதும் சிம்மரிட் பூச்சு வார்க்கப்பட்டிருந்தது. காந்தக் கண்ணிவெடிகள் ஒட்டாமலிருக்கப் பூசப்பட்ட அந்தக் கலவையைத் தொழிற்சாலைகள் பூசத் தொடங்கியது 1943 செப்டம்பர் வாக்கில். 1944 செப்டம்பரில் அதை நிறுத்தும்படி ஆணை வந்தது. ஆகவே சிம்மரிட் பூசிய வண்டி கூர்ஸ்கில் நின்றிருக்க வழியே இல்லை. போதாக்குறைக்கு, அந்தப் பூச்சின் கோலம் வாஃபிள் பலகாரத்தைப் போன்ற பெரிய கட்டங்கள். அது பெர்லின் அல்கெட் தொழிற்சாலையின் அடையாளம். பிரவுன்ஷ்வைக் நகரின் மியாக் தொழிற்சாலை பூசியதோ சிறுசிறு சதுரங்கள்.

பக்கவாட்டில் தொங்கும் ஷுர்ட்சன் தகடுகள் கூர்ஸ்கில் இருந்தது உண்மைதான். சோவியத் படையின் 14.5 மி.மீ. டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளைத் தடுப்பதற்காக அந்த ஆண்டுதான் அவை வந்தன. ஆனால் 5 மி.மீ. தடிமனுள்ள தகடு 1/35 அளவில் ஏறக்குறைய 0.14 மி.மீ. இருக்க வேண்டும். எனக்கு வந்தவை 1 மி.மீ. தடிமன் கொண்டவை, உண்மை வண்டியின் கணக்கில் 35 மி.மீ., அதாவது அதன் 30 மி.மீ. பக்கக் கவசத்தையே விஞ்சிய திரை! பீரங்கிக் குழலை அளந்தபோது அது கிட்டிலிருந்த குழலைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குட்டையாக இருந்தது. ஜி வகையில் இருந்தது 48 காலிபர் நீளமுள்ள, அதாவது குழலின் உள்விட்டத்தைப் போல் 48 மடங்கு நீளமுள்ள, 75 மி.மீ. பீரங்கி, 43 காலிபர் குழல் 1942இல் வந்த எஃப் வகையோடு முடிந்துபோனது. இரண்டுக்கும் இடையிலான 375 மி.மீ. வேறுபாடு 1/35 அளவில் 10.7 மி.மீ. ஆகிறது. தவறு எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது: வேறு வேறு தொகுப்புகளில் மிஞ்சிய அச்சுகளிலிருந்து வார்த்தெடுத்த உறுப்புகளை ஒரே பெட்டியில் போட்டு ஒரு போரின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் படங்களுடன் விற்பனையாளருக்கு எழுதியபோது, ஆதாரமாக ஒரு பழைய புகைப்படத்தை அவர் அனுப்பினார். அதன் கீழே ‘கூர்ஸ்க்’ என்று அச்சாகியிருந்தது. வண்டியின் மேலோ சிம்மரிட் தெளிவாகத் தெரிந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும், “போர்க்களத்துப் பட்டறைகளில் என்னென்னவோ மாற்றியிருப்பார்கள்” என்ற பதில் வந்தது. பட்டறையில் உபரிச் சங்கிலிக் கண்ணிகளை மாட்டலாம், முன்புறம் கான்கிரீட் பூசலாம். இன்னும் வார்க்கப்படாத உறுப்பை எந்தப் பட்டறை மாட்டும்? பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, நான் ஓர் உறுப்பின் வார்ப்புக் கட்டையை (வார்க்கும்போது உறுப்போடு ஒட்டி வரும் உபரி ரெசினை) அறுத்துவிட்டதால் பெட்டியைத் திரும்பப் பெற முடியாது என்று மறுத்துவிட்டார். அறுக்காமல் பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்கு இன்றுவரை பதிலில்லை.

இப்போது அந்த மேற்பகுதியை 1944 வசந்தகால அல்கெட் வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்து வண்டியில் தளபதியின் கூண்டுக்கு முன்னால் குண்டுகளைத் திசைதிருப்பும் வார்ப்புத் தடுப்பு இருக்க வேண்டும். தொகுப்பில் அது இல்லாததால் புட்டி (putty) பசையால் நானே பிடித்துச் செய்தேன். குழலும் ஷுர்ட்சனும் குப்பைக்குப் போயின. விளம்பரத்தில் ‘ஜூலை 1943’ இன்னும் அப்படியே இருக்கிறது.