எம்பிஐ-யில் வேலை முடிந்ததைத் தெரிவிப்பது: பல வருட அனுபவம்

அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-ல் சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்தே காரைக்குடியில் பேட்டரி பற்றிப் பேச ஆள் உண்டு. பேட்டரி மின்முனைக்குள் லித்தியம் அயனி எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடும் நிரல் என்னுடையது. கல்லூரி ஆய்வகத்துக் கணினிகளைச் சாதாரண ஈதர்நெட்டில் கோத்து, ஓபன் எம்பிஐ போட்டு ஓட்டுகிறோம். பல கணினிகளில் ஓடும் நிரல் தனக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறைதான் எம்பிஐ; அதைச் செய்துதரும் நூலகம் ஓபன் எம்பிஐ.

செய்தி அனுப்பும் ஐசெண்ட், அழைத்ததும் வேலை முடியக் காத்திராமல் திரும்பிவிடும். கையில் ரசீது போல ஒரு ரிக்வெஸ்ட் மிஞ்சும். அதை, முடியும்வரை நிற்கும் வெயிட்டிடமோ, பார்த்துவிட்டு உடனே திரும்பும் டெஸ்டிடமோ கொடுத்து, முடிந்ததா என்று நாம்தான் கேட்க வேண்டும். முடிந்தது என்று பதில் வந்தால், செய்தியை வைத்திருந்த நினைவக இடமான அந்த பஃபரில் இனி எழுதலாம், அவ்வளவே. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பார்சலை மதுரை வண்டியில் ஏற்றியாயிற்று, நம் கை காலி. மாட்டுத்தாவணியில் யாராவது வாங்கினார்களா என்பது வேறு விஷயம். எதிர்முனை வாங்கத் தொடங்கியது தெரிந்தே ஆக வேண்டுமானால் ஐஎஸ்செண்ட் போடுங்கள்.

எங்கள் நிரலில் கணக்கைக் கட்டங்களாகப் பிரித்துக் கணினிகளுக்குக் கொடுப்பதால், ஒவ்வொரு கணினிக்கும் நான்கு பக்கமும் அண்டை உண்டு. முதலில் செய்தி வாங்கும் நான்கு ஐரிசீவ், பிறகு நான்கு ஐசெண்ட், அதன்பின் அண்டையின் செய்தி தேவைப்படாத நடுப்பகுதிக் கணக்கு. கடைசியில் எல்லாம் முடியும்வரை நிற்கும் வெயிட்ஆல் போடுவதைவிட, ஏதாவது ஒன்று முடிந்ததும் திரும்பும் வெயிட்எனி எனக்குப் பிடிக்கும். எந்த ஓரம் முதலில் வருகிறதோ அதன் கணக்கை அப்போதே முடித்துவிடலாம். நடுக்கணக்கு லூப்புக்குள்ளும் அவ்வப்போது ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறேன். பெரிய செய்தியை நூலகம் எதிர்முனையிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறது. வந்த பதிலைக் கவனிக்க, பல அமைப்புகளில், நிரல் ஏதாவது ஒரு எம்பிஐ அழைப்புக்குள் நுழைந்தாக வேண்டும். டெஸ்ட் இல்லாவிட்டால் கணக்கு முடியும்வரை செய்தி அப்படியே நிற்கும்.

நான் மிகவும் நம்பியிருப்பது 1997-ல் எம்பிஐ-2 கொண்டுவந்த ஜெனரலைஸ்டு ரிக்வெஸ்ட். எம்பிஐ-க்குச் சம்பந்தமில்லாத வேலைக்கும் ரிக்வெஸ்ட் உருவாக்கலாம். முடிவுகளை டிஸ்க்கில் எழுத, அதே நிரலுக்குள் இணையாக ஓடும் தனி த்ரெட் வைத்திருக்கிறோம். ஜிரிக்வெஸ்ட்_ஸ்டார்ட் கொடுத்த ரிக்வெஸ்ட்டை வரவேண்டிய செய்திகளோடு ஒரே வெயிட்எனி வரிசையில் சேர்த்துவிடுவேன். எழுதி முடித்ததும் த்ரெட் ஜிரிக்வெஸ்ட்_கம்ப்ளீட்டை அழைக்கும். வெயிட்எனி அதையும் வந்த செய்தியைப் போலவே எடுத்துக்கொள்ளும். இரண்டு விதக் காத்திருப்பு ஒரே இடத்தில் அடங்கிவிடுவது அவ்வளவு நிம்மதி!

இங்கே ஒன்றை எல்லோருக்கும் சொல்வேன்: அந்த வேலையை எம்பிஐ நடத்தித் தராது. நாம் கம்ப்ளீட் சொன்னால் நம்பிக்கொள்ளும், சொல்லாவிட்டால் வெயிட் முடிவில்லாமல் நிற்கும். போன வருடம் ஒரு மாணவி வந்து, “சார், வெயிட் முடிஞ்சிருச்சு, ஃபைல்ல பாதிதான் இருக்கு” என்றாள். பார்த்தால், எழுதும் வரிக்கு மேலேயே கம்ப்ளீட் அழைப்பு இருந்தது. ஒரு வரியைக் கீழே இறக்கியதும் சரியானது. முடிவு விவரம் கேட்டு எம்பிஐ அழைக்கும் நம் குவெரி ஃபங்ஷனில், அந்த விவரமான ஸ்டேட்டஸை நிரப்புவதும், ரத்தாகவில்லை என்று குறிப்பதும் நம் பொறுப்பே.

ஒரு த்ரெட் வெயிட்டில் நிற்க, இன்னொன்று கம்ப்ளீட் சொல்வதால், எம்பிஐ-யைத் தொடங்கும் இனிட்_த்ரெட் அழைக்கும்போது, பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் எம்பிஐ-யை அழைக்க இடம் தரும் த்ரெட்_மல்டிபிள் நிலையைக் கேளுங்கள். கேட்டது கிடைத்ததா என்று திரும்பி வரும் மதிப்பையும் பாருங்கள். நூலகம் அதைவிடக் குறைந்த நிலையையும் தரலாம்.