வேவர்லி பாதையைக் கணினியில் கட்ட எந்த சிமுலேட்டர் தோது?

மூடப்பட்ட பழைய பிரிட்டிஷ் ரயில் பாதை ஒன்றை சிமுலேட்டரில், அதாவது கணினியில் ரயில் ஓட்டும் மென்பொருளில், மறுபடி கட்ட ஆசைப்படுகிறவர் முன்னால் இன்று நான்கு பெயர்கள் வந்து நிற்கும்: ட்ரெயின் சிமுலேட்டர் கிளாசிக், ட்ரெயின்ஸ், ஓப்பன் ரெயில்ஸ், ட்ரெயின் சிம் வேர்ல்ட். நான் ட்ரெயின்ஸ் பக்கம் போனவன். கிளாசிக்கில் கணிசமாகக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனேன் என்றாலும், இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது ஸ்காட்லாந்தின் வேவர்லி பாதை. எடின்பரோவில் கிளம்பி ஹாயிக் வழியாக எல்லை தாண்டி இங்கிலாந்தின் கார்லைல் வரை சுமார் 98 மைல். நார்த் பிரிட்டிஷ் ரயில்வே 1849-ல் ஹாயிக் வரையும், 1862-ல் கார்லைல் வரையும் போட்டது. 1969 ஜனவரியில் பயணிகள் ரயிலை மொத்தமாக நிறுத்தினார்கள். கடைசி இரவு ரயிலை நியூகாசில்டன் மக்கள் லெவல் கிராசிங்கில் மறித்தார்கள், ஊர்ப் பாதிரியார் கைதானார், ரயிலிலேயே இருந்த எம்.பி. டேவிட் ஸ்டீல் இறங்கிப் பேசிய பிறகுதான் வழி கிடைத்தது. 2015-ல் எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை வடக்குப் பகுதி மட்டும் திரும்பத் திறந்தது. ஹாயிக்குக்குத் தெற்கே இன்றும் வழக்கமான ரயில் சேவை இல்லை. எனக்கு வேண்டியது அந்தத் தெற்குப் பகுதிதான்: ஹாயிக் முதல் நியூகாசில்டன் வரை ஏறக்குறைய 20 மைல். 15 வளைவுகள் கொண்ட ஷாங்கெண்ட் பாலம், 1,006 அடி உயரத்தில் விட்ரோப் உச்சி, அதை ஒட்டி 1,208 கெஜம் நீளச் சுரங்கம், அப்புறம் ரிக்கார்ட்டன் ஜங்ஷன். இந்த ரிக்கார்ட்டன் ரயில்வேக்காரர்கள் மட்டுமே குடியிருந்த ஒரு கிராமம். நெடுங்காலம் வெளியுலகத்துக்குச் சாலையே கிடையாது. கூட்டுறவுக் கடை பிளாட்பாரத்திலேயே இருந்தது.

விலை, படத்தரம், கணினி வேகம் எல்லாம் எல்லோரும் பேசுவதுதான், சுருக்கமாக முடிக்கிறேன். அழகில் ட்ரெயின் சிம் வேர்ல்டை மற்றவை நெருங்க முடியாது. ஓப்பன் ரெயில்ஸ் முழுக்க இலவசம். கிளாசிக்கும் ட்ரெயின்ஸும் நடுவில் நிற்கின்றன. சுமாரான கணினியிலும் இரண்டும் ஓடும், மரங்களை அளவோடு நட்டால்.

ட்ரெயின் சிம் வேர்ல்டின் எடிட்டரை, அதாவது பாதை கட்டும் கருவியை, நான் திறந்து சுற்றிப் பார்த்ததோடு சரி. அதற்கு அடித்தளமான அன்ரியல் இன்ஜின் என்ற கேம் மென்பொருளில் பழகிய ஒருவருக்கு அது வேறு மாதிரி தெரியலாம். 1958-ஐ மையமாக வைத்து லிவர்பூல் – க்ரூ பாதையை அதில் நீராவிக் காலத்துக்கே கொண்டுவந்திருக்கிறார்கள், ஓட்டிப் பார்க்க அருமை. ஆனால் தனியாள் ஒருவர் மாலை நேரங்களில் உட்கார்ந்து 20 மைல் கட்டும் கருவியாக அது எனக்குப் படவில்லை.

ஓப்பன் ரெயில்ஸ் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். 2001-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரின் கோப்புகளைப் படித்து ஓடுவது அது. தன்னார்வலர்கள் வளர்ப்பதால் கடை மூடும் பயம் இல்லை. நீராவி இன்ஜினின் உடற்கூறையும், குழாயில் வெற்றிடம் உண்டாக்கி இயங்கும் வாக்குவம் பிரேக்கையும் இலவசமாக இவ்வளவு அக்கறையோடு காட்டுவது வேறில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயின் பழைய காலம் வாக்குவம் பிரேக்கின் காலம் என்பதால் இது சின்ன விஷயமில்லை. என்னைத் தடுத்தது தண்டவாளம். அந்தப் பழைய அமைப்பில் தடம் என்பது அளவு நிர்ணயித்த துண்டுகளை ஒன்றோடொன்று சேர்ப்பது. விக்டோரியா காலத்துப் பொறியாளர் மலைச் சரிவைப் பார்த்து வளைத்துக்கொண்டே போன கோட்டைத் துண்டுகளால் பிடிப்பது பொறுமையைச் சோதிக்கும். புதிய எடிட்டர்கள் இதை நிறையவே எளிதாக்கியிருக்கின்றன. ஆனால் அவற்றில் நான் முழுப் பாதை எதுவும் கட்டியதில்லை.

இனி கிளாசிக், ட்ரெயின்ஸ் இரண்டுக்கும்தான் போட்டி.

ஓட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால் கிளாசிக்தான், விவாதமே வேண்டாம். 2007-ல் ரெயில் சிமுலேட்டர் என்று வந்து, 2009-ல் ரெயில்வொர்க்ஸ் ஆகி, பல பெயர் மாறி இன்று கிளாசிக் என்று நிற்கிறது. இத்தனை காலத்தில் பிரிட்டிஷ் இன்ஜின்களுக்கென்றே தனித் தயாரிப்பாளர்கள் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டார்கள். டீசலுக்கு ஆர்ம்ஸ்ட்ராங் பவர்ஹவுஸ், கிரேட் வெஸ்டர்ன் நீராவி இன்ஜின்களுக்கு விக்டரி வொர்க்ஸ் என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். 75-க்கு 1 ஏற்றத்தில் (75 அடி போனால் 1 அடி உயரும்) நீராவி இன்ஜின் திணறும்போது வரும் சத்தம், சக்கரம் வழுக்குவது, கொதிகலனில் தண்ணீர் மட்டம் இறங்கும் பதற்றம் இதெல்லாம் கிளாசிக்கின் நல்ல தயாரிப்புகளில் உடம்பில் உறைக்கிறது. ட்ரெயின்ஸில் நீராவி இன்ஜின் ஓட்டுவது ஒப்பிட்டால் சப்பென்று இருக்கும், வாக்குவம் பிரேக்கின் குணமும் சரியாக வருவதில்லை. தண்டவாளம் போடுவதிலும் கிளாசிக் ஒரு படி மேலே. நேர்த்தடத்திலிருந்து வளைவுக்குள் நுழையும் இடைப்பகுதியும் வளைவில் வெளித் தண்டவாளம் உயர்வதும் கச்சிதமாக அமையும். ட்ரெயின்ஸில் அந்த ஒழுங்கை நம் கண்ணும் கையும்தான் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் ட்ரெயின்ஸ்? திருத்தம்தான் காரணம்.

இல்லாமல் போன பாதையைக் கட்டும்போது வேலை ஒருநாளும் முடியாது. தொடங்கும்போது கையில் இருப்பது ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே (ஓ.எஸ்.) வரைந்த பழைய வரைபடமும், நில உயரத்துக்கு ஓ.எஸ். டெரெய்ன் 50 தரவும், நாலைந்து புத்தகப் படங்களும்தான். அதை வைத்து ரிக்கார்ட்டனைக் கட்டி முடித்தால், அப்புறம் ஒரு சிக்னல் கேபின் வரைபடம் கிடைக்கும். வரைபடம் அச்சான காலத்துக்கும் நாம் கட்டும் காலத்துக்கும் நடுவில் ஒரு குறுக்குத் தடம் இடம் மாறியிருப்பது அதில் தெரியும். பிறகு 1950-களின் புகைப்படம் ஒன்று வரும். அதில் கைகாட்டி மரம் தடத்தின் எதிர்ப்பக்கம் நிற்கும், ஓட்டுநரின் பார்வை பாலத்தில் மறையக்கூடாது என்று அப்படி வைத்திருப்பார்கள். இப்படி வந்துகொண்டே இருக்கும். ஆகவே முதல் தடவை கட்டுவது எவ்வளவு எளிது என்பதைவிட, ஐந்தாவது தடவை பிரித்துக் கட்டுவது எவ்வளவு எளிது என்பதே என் கணக்கில் முக்கியம்.

கிளாசிக்கில் ரயில்கள் எங்கே நிற்கின்றன, எந்த வழியில் போகின்றன என்கிற விவரமெல்லாம் ஒவ்வோர் ஓட்டத்தையும் அமைக்கும் சினாரியோ கோப்பில் குறிப்பிட்ட தடத் துண்டின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி, தடம் பிரியும் பாயிண்ட் ஒன்றைச் செருகினால் அடையாளம் மாறிவிடும், அதன் மேல் நின்ற ரயில் அந்தரத்தில் விடப்படும். அந்த யார்டைத் தொடும் சினாரியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்ய வேண்டும். சிக்னல் கதை இன்னும் நீளம். ஒரு ஜங்ஷன் கைகாட்டிக்கு எத்தனை வழி உண்டோ அத்தனை இணைப்பையும் அந்தந்த பாயிண்டைத் தாண்டிக் கொண்டுபோய் நாமே வைக்க வேண்டும். பாயிண்ட் நகர்ந்தால் அந்த இணைப்பையும் பின்னாலேயே நகர்த்த வேண்டும். ஒன்றை மறந்தால் சிக்னல் எப்போதும் சிவப்பு, அல்லது அதைவிட மோசம், எப்போதும் பச்சை.

ட்ரெயின்ஸில் கைகாட்டியைத் தடத்தின் மேல் வைத்தால் முன்னால் இருக்கும் பாயிண்டையும் அடுத்த சிக்னலையும் அதுவே தேடிக்கொள்கிறது. ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரே ரயில் என்ற பிரிட்டனின் அப்சல்யூட் பிளாக் முறையை இது உள்ளபடி காட்டாது, கேபினுக்குக் கேபின் மணியடித்து ரயிலை ஒப்படைக்கும் நடைமுறை இதில் கிடையாது. ஆனால் நகர்த்தினால் உடைவதில்லை. ரயில்களுக்குக் கொடுக்கும் கட்டளைகளும் தடத்தில் நாம் பெயரிட்டு வைக்கும் குறிகளை நம்பியவை. ‘விட்ரோப் லூப்பில் போய் நில்’ என்று கட்டளை இருந்தால், லூப்பை (ரயில் ஒதுங்கி நிற்கும் பக்கத்தடத்தை) மொத்தமாகப் பிரித்துக் கட்டிவிட்டு அதே பெயரில் குறியை வைத்தால் போதும். பின்னாலிருந்து தள்ளும் பேங்கர் இன்ஜினைக் கூட்ஸின் பின்னால் கொடுத்து மேலேற்றி விட்ரோப்பில் கழற்றி, தனியாகத் திருப்பி அனுப்பும் வேலையைப் பெரும்பாலும் கணினி ஓட்டுநர்களிடமே விட்டுவிடலாம். அவர்கள் சில சமயம் காரணமே இல்லாமல் நடுவழியில் நின்று யோசிப்பார்கள், அது தனிப் புலம்பல்.

இன்னும் இரண்டு வசதிகள் உண்டு. முதலாவது, மொத்தமாக மாற்றும் கருவி. 20 மைல் தடத்தையும் ஒருவகைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு, பிறகு யாரோ அந்தக் காலத்து புல்ஹெட் தண்டவாளத்தை (மேல்பகுதி தடித்தது) இன்னும் நேர்த்தியாகச் செய்து வெளியிட்டால், பழையதைக் காட்டி, புதியதைக் காட்டி, மாற்று என்றால் பாதை முழுக்க மாறிவிடும். தந்திக் கம்பம், வேலி, மரம் எதற்கும் இதே கதைதான்.

இரண்டாவது, அடுக்குகள். வேவர்லி பாதைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பது ரிக்கார்ட்டனுக்கு வந்தால்தான் புரியும். இன்றைய செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் முழுக்க ஊசியிலைக் காடு. பிரிட்டிஷ் வனத்துறை நட்டு வளர்த்த மரங்கள் அவை. ரயில் ஓடிய காலத்தில் அது மொட்டை மேட்டு நிலம், காற்றை மறைக்க ஒன்றுமில்லை. 1956-ல் ஹெக்ஸ்ஹாம் போகும் கிளைப் பாதையில் பயணிகள் ரயில் சேவை நிறுத்தப்பட்டது. 1960-களில்தான் காட்டுப் பாதை ஒன்று கிராமத்தை எட்டியது. ஆக 1955 ரிக்கார்ட்டனும் 1968 ரிக்கார்ட்டனும் வேறு வேறு ஊர்கள். ட்ரெயின்ஸில் மரம், வேலி, கட்டடம், நிறுத்தி வைத்த பெட்டிகள் போன்றவற்றைக் காலத்துக்கு ஓர் அடுக்காகப் பிரித்து வைக்கலாம், நிலமும் பிரதான தடமும் ஒன்றே. கிளாசிக்கில் பாதையையே நகலெடுத்து இரண்டாக வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் அடுத்த திருத்தத்தை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும், எதில் செய்தோம் எதில் விட்டோம் என்று கொஞ்ச நாளில் குழம்பும்.

பழைய வரைபடத்தைத் தரையில் விரித்து அதன் மேலேயே தடம் போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். ட்ரெயின்ஸுக்கு டிரான்ஸ்டெம் என்ற தனி மென்பொருள் இருக்கிறது. உயரத் தரவையும் வரைபடத்தையும் சேர்த்து நிலமாக மாற்றிக் கொடுக்கும். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், பழகவும் நாளாகும், ஆனால் கொடுத்த காசுக்குக் குறையில்லை. ஏற்றத்தைச் சதவீதத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பது சிறு தலைவலி: பழைய ஏடுகளில் 75-க்கு 1 என்றிருந்தால் 1.33 என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

கட்டியதைப் பிறரிடம் கொடுப்பது எப்படி? கிளாசிக்கில் நல்ல பிரிட்டிஷ் கட்டடங்களும் செடிகொடிகளும் பலவும் விலைக்கு விற்கும் தொகுப்புகளுக்குள் இருக்கின்றன. நம் பாதையை இலவசமாகக் கொடுத்தாலும், வாங்கிக்கொள்பவரிடம் அதே தொகுப்புகள் இல்லையென்றால் பாலம் இருக்கும் இடத்தில் வெற்றிடம்தான். ட்ரெயின்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு, எல்லோரும் இறக்கிக்கொள்ளும் இணையக் கிடங்கான டவுன்லோட் ஸ்டேஷனில் இருப்பதாக இருந்தால் பாதையோடு தானே வந்து இறங்கும். அங்கிருந்து மட்டும் பொருள் எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். சில அழகான பொருள்களை அதனால் விட்டுவிட வேண்டியிருந்தது.

ட்ரெயின்ஸின் பெரிய ஓட்டையும் பராமரிப்பிலேயே இருக்கிறது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பொருள்களைச் சரிபார்க்கும் சோதனை கடுமையாகும். பழைய பொருள்கள் பழுதானவை என்று சிவப்பில் குறிக்கப்பட்டுக் காணாமல் போகும். தன்னார்வலர்கள் பலவற்றைச் சரிசெய்து மறுபடி ஏற்றுகிறார்கள், எல்லாவற்றையும் அல்ல. இந்த விஷயத்தில் கிளாசிக் அசையாத பாறை. ரெயில்வொர்க்ஸ் காலத்துப் பாதைகள் பல இன்றும் அதில் ஓடுகின்றன. ஒரு பாதையைக் கட்டி முடித்துப் பூட்டி வைத்துவிட்டு, பல வருடம் கழித்து வந்து அப்படியே ஓட்ட விரும்புகிறவர் கிளாசிக்கில் கட்டுவதே நல்லது. நல்ல ஆவணங்கள் முழுதாகக் கிடைக்கிற பாதை, ஒரே வருடத்தை மட்டும் காட்டினால் போதும், திருத்தம் அதிகம் வராது என்றாலும் அதுவே பொருத்தம். இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதிக் கிளைப் பாதைகள் சிலவற்றுக்கு இப்படி ஆவணங்கள் ஏராளம்.

நீராவி ஓட்டும் சுகத்துக்கு இன்னமும் கிளாசிக்கைத்தான் திறக்கிறேன். ட்ரெயின்ஸில் விட்ரோப் ஏற்றத்தை இப்போதைக்கு டீசலில்தான் ஏறுகிறேன். பாதையின் கடைசி வருடங்களில் டீசல்கள்தான் ஓடின என்பதால் அதில் பொய்யும் இல்லை. ஏ3, வி2 நீராவி இன்ஜின்களைக் கணினி ஓட்டுநர்களிடம் கொடுத்துவிட்டு, ஷாங்கெண்ட் பாலத்துக்குக் கீழே கேமராவை வைத்துக்கொள்கிறேன். பாலத்தின் வடகோடியில் கைப்பிடிச் சுவர் இன்னும் சரியாக அமையவில்லை, அடுத்து அதைப் பிரிக்க வேண்டும்.