"கெட்ட ரத்தம் வெளியே போகுதும்மா" என்றார்கள், நம்பினேன்

எனக்கு 51 வயது. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருஷம். நின்றதோடு விட்டதா? ராத்திரி இரண்டு மணிக்குக் கழுத்திலிருந்து குபுகுபுவென்று சூடு ஏறும், ஜாக்கெட் நனைந்துவிடும், ஐந்து நிமிஷத்தில் குளிரும். ஃபேனைக் கூட்டினால் வீட்டுக்காரருக்கு ஆகாது, குறைத்தால் எனக்குத் தூக்கமில்லை.

அந்த நேரம் பார்த்து யூடியூபில் ஒரு விளம்பரம். மெனோபாஸ் தொல்லை ஒரே மண்டலத்தில் தீருமாம். போனை எடுத்த பெண் வாய் நிறைய அம்மா, அம்மா என்றாள். சதாவரி, அசோகப்பட்டை எல்லாம் சேர்ந்த சூரணம், 48 நாளைக்கு 3 டப்பா, 4,800 ரூபாய். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். "இயற்கைம்மா, எதோடயும் சாப்பிடலாம்" என்றாள்.

டப்பாவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். தயாரித்த தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை, லைசென்ஸ் எண் இல்லை. விலை ஸ்டிக்கர் மட்டும் பளிச்சென்று. கடுகுப் பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள் நான்! முதல் டப்பாவில் தூள் பச்சைப் பழுப்பு, இரண்டாவதில் செங்கல் நிறம். கேட்டால், மழைக்காலத்தில் மூலிகை அப்படித்தானாம்.

இருபதாம் நாள் கறை பட்டது. பதறிப்போய் போன் போட்டேன். "ரொம்ப நல்லதும்மா, தேங்கின கெட்ட ரத்தம் வெளியே போகுது. மருந்து வேலை செய்யுது, நிறுத்திடாதீங்க." இந்தப் பதிவையே இந்தப் பேச்சுக்காகத்தான் எழுதுகிறேன். அதை நம்பி மூன்று வாரம் துணியை மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பார்க்க வந்த அக்கா என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "என்னடி இது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கு?" அப்போதே ஆட்டோ பிடித்துவிட்டாள்.

டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். 12 மாதம் வராமல் நின்றபிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே வந்து காட்ட வேண்டுமாம்; கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் அப்படித்தான் தலைகாட்டுமாம். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 11 மில்லிமீட்டர். மாதவிலக்கு நின்றவர்களுக்கு ரத்தம் போய், அது 4க்கு மேல் இருந்தாலே சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஹீமோகுளோபின் 7.8. பயாப்சி ரிசல்ட்டுக்கு ஒன்பது நாள் காத்திருந்தேன். அதைப் பற்றி எழுத இஷ்டமில்லை.

புற்றுநோய் இல்லை. சவ்வுதான் தடித்திருக்கிறது, மாத்திரை ஓடுகிறது. தூளால் வந்ததா, முன்பே இருந்ததா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. என் ஆத்திரமெல்லாம் அந்த மூன்று வாரத்தின் மேல்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பத்தியம் இருந்தீங்களா? கத்திரிக்காய் சாப்பிட்டிருப்பீங்க" என்றாள். அப்புறம் வாட்ஸப்பில் பிளாக்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. அங்கே ஆளைப் பார்த்து, கேட்டு மருந்து கொடுக்கிறார்கள். இது போனில் விற்கிற தூள். மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாதென்று 1954லேயே சட்டம் வந்துவிட்டது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

1915க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். பில் ஏது? ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் மூன்றாவது டப்பாவில் மிச்சமிருக்கும் பாதித் தூளும்தான் கையில் இருக்கின்றன.

நேற்று வேறொரு நம்பரிலிருந்து அதே குரல்: "அம்மா, முழங்கால் வலி ஏதும் இருக்கா?"